மாற்று இதயம் – 12: நிலக்கரி நகரத்தில் ஒரு டாக்டர்

கேப் டவுனில் 1967 டிசம்பர் 3 அன்று கிறிஸ்டியன் பர்னார்டு செய்த ஆபரேஷனையும், அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பற்றிக்கொண்ட வேகத்தையும் இதுவரை பார்த்தோம். 1968-ல் மட்டும் நூறு பேருக்கு மேல் மாற்று இதயம் பொருத்திப் பார்த்தார்கள். பெரும்பாலோர் ஓராண்டைக்கூடத் தாண்டவில்லை. பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சென் துணிந்து செய்த ஆபரேஷனும் சில மணி நேரத்தில் முடிந்துபோனது. கத்தி பிடிக்கத் தெரிந்த பலர் அத்தோடு ஒதுங்கிக்கொண்டார்கள். ஸ்டான்ஃபோர்டில் நார்மன் ஷம்வே போன்ற வெகுசிலர் மட்டும் விடாமல் வேலையைத் தொடர்ந்தார்கள்.

இனி நாம் போகப்போவது போலந்துக்கு. அங்கே ஒருவர் இதயத்தை மாற்றிக் காட்டினார். பிறகு செனட்டர் ஆனார், ஜனாதிபதி தேர்தலில் இறங்கினார், நாட்டின் சுகாதார அமைச்சராகவும் இருந்தார். பெயர் ஸ்பிக்னியெவ் ரெலிகா. இந்தத் தொடரில் நான் எழுத மிகவும் விரும்பிய மனிதர் இவர்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மாற்று உறுப்பு சிகிச்சை போலந்துக்குப் புதிதல்ல. 1966 ஜனவரியிலேயே வார்சாவில் இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை யான் நியெலுபோவிச் வெற்றிகரமாகப் பொருத்தியிருந்தார். இதயத்தில்தான் அடி விழுந்தது. 1969 ஜனவரியில் வூச் நகரில் பேராசிரியர் யான் மோல் முதல் முயற்சியைச் செய்தார். நோயாளி பிழைக்கவில்லை. மோல் சாதாரண ஆள் இல்லை. அந்நாட்டு இதய அறுவை சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவர். அவர் கையாலேயே ஆகவில்லை என்றதும் மற்றவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை. ஓராண்டு, ஈராண்டு அல்ல, 16 ஆண்டுகள் அந்தப் பேச்சே எழவில்லை.

அந்தப் பதினாறு ஆண்டுகளில் வெளியே இரண்டு விஷயங்கள் மாறின. ஒன்று மருந்து. புதிய உறுப்பை அந்நியமாகக் கருதித் தாக்கும் உடலின் எதிர்ப்பை அளவோடு அடக்கும் சைக்ளோஸ்போரின், 1983-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுச் சந்தைக்கு வந்தது. இன்னொன்று மரணம் பற்றிய புரிதல். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே மூளை முழுமையாகவும் மீள முடியாமலும் செயலிழந்துவிட்டால் அந்த மனிதர் இறந்துவிட்டார் என்று ஏற்பதற்கான மருத்துவ நெறிமுறைகள் நாடு நாடாக வரத் தொடங்கின. போலந்தில் அவை 1984-ல் வெளியாயின. மருந்து வந்தாயிற்று, நெறிமுறையும் வந்தாயிற்று. துணிகிற ஆள்தான் வேண்டியிருந்தது.

ரெலிகா 1938 டிசம்பர் 16 அன்று வார்சாவுக்கு மேற்கே மியெட்னியெவிட்செ என்ற கிராமத்தில் பிறந்தார். 1963-ல் வார்சா மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, அந்நகரின் வோலா மருத்துவமனையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 1970களில் நியூயார்க்கிலும் டெட்ராய்ட்டிலும் பயிற்சி பெறும் வாய்ப்பு கிடைத்தது. கம்யூனிஸ்ட் நாட்டிலிருந்து போன ஒருவர் அங்கேயே தங்கிவிட நினைத்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் திரும்பி வந்தார். வார்சாவின் ஆனின் பகுதியிலிருந்த இதயநோய் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே மூத்தவர்கள் இருந்தார்கள், படிநிலைகள் இருந்தன. இதயத்தை மாற்றவேண்டும் என்ற அவர் ஆசைக்குத்தான் அங்கே இடம் இல்லை.

1984-ல் தெற்கே சைலீசியாவில் ஸாப்ஷே என்ற ஊரில் புதிதாக ஓர் இதய அறுவை சிகிச்சைப் பிரிவு தொடங்க அழைப்பு வந்தது. ஸாப்ஷே சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். காற்றில் எந்நேரமும் நிலக்கரிப் புகை. தலைநகரத்துப் பேராசிரியர்கள் யாரும் விரும்பிப் போகும் இடமல்ல. கட்டிடம்கூட முழுதாக எழும்பியிருக்கவில்லை. ராணுவச் சட்டம் நீங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. கடைகளில் இறைச்சிக்கே ரேஷன் அட்டை. ரெலிகா தன்னோடு சில இளம் மருத்துவர்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே போனார். மாரியான் ஸெம்பாலா, ஆந்த்ஜெய் பொஹெனெக் இருவரும் அப்போது முப்பதுகளில் இருந்தவர்கள். உள்ளூர்த் தொழிற்சாலைகளிடமும் சுரங்க நிர்வாகங்களிடமும் கேட்டு வாங்கி, மருத்துவர்களே கட்டிட வேலைக்குக் கைகொடுத்து அந்தப் பிரிவை எழுப்பினார்கள். 1985 கோடையில் அங்கே ஆபரேஷன்கள் தொடங்கிவிட்டன.

1985 நவம்பர் 5. வார்சாவுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயம் கிடைக்கும் என்று தகவல் வந்தது. ஸாப்ஷேயில் காத்திருந்தவர் 62 வயது விவசாயி. இரண்டு ஊர்களுக்கும் நடுவே கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர்.

அந்தத் தூரம் ஏன் முக்கியம் என்பதைச் சொல்லவேண்டும். தானமாகக் கிடைக்கும் இதயத்துக்குள் பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தினால் துடிப்பு நின்றுவிடும். பிறகு அதை வெட்டி எடுத்து, குளிர்ந்த உப்புநீர் நிரம்பிய பைகளில் வைத்து, ஐஸ் பெட்டிக்குள் வைப்பார்கள். அந்த நொடியிலிருந்து சுமார் நான்கு மணி நேரம்தான் கெடு. அதற்குள் பயணமும் முடியவேண்டும், தையலும் முடிந்து ரத்தம் பாய்ந்துவிடவேண்டும். இதயம் வந்துசேரும் நேரத்தைக் கணக்கிட்டு இந்தப் பக்கம் நோயாளியின் மார்பைத் திறந்து, இதய-நுரையீரல் இயந்திரத்தோடு இணைத்திருப்பார்கள். பழைய இதயத்தை முழுதாக எடுத்துவிடுவதும் இல்லை. மேலறைகள் இரண்டின் பின்சுவரை விட்டுவிட்டு மீதியை அகற்றுவார்கள். முதலில் இடது மேலறை, பிறகு வலது மேலறை, அதன்பின் இரண்டு பெரிய ரத்தக் குழாய்கள் என்று தைத்து முடித்து, மகாதமனியைப் பிடித்திருக்கும் கிடுக்கியைத் தளர்த்துவார்கள். வெதுவெதுப்பான ரத்தம் உள்ளே போகும். தசை முதலில் வெறுமனே நடுங்கும். ஒரு மின் அதிர்ச்சி. அதன்பின் துடிக்கவேண்டும். துடிக்காமலும் போகலாம்.

அன்றிரவு துடித்தது. போலந்தில் முதன்முதலாக ஒரு மாற்று இதயம் மனித உடலில் வேலை செய்தது.

அந்த விவசாயி அதற்குப் பின் ஒரு வாரம் சொச்சம்தான் உயிரோடு இருந்தார். அடுத்தடுத்து வந்தவர்களிலும் இழப்புகள் இருந்தன. இதை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் எழுதுவது அந்த நோயாளிகளுக்குச் செய்யும் துரோகம் என்று நினைக்கிறேன். அவர்கள் பெயர்கள் பாடநூல்களில் வருவதில்லை. ஆனால் தொற்று எங்கிருந்து வந்தது, மருந்தின் அளவு எங்கே கூடியது, ஆபரேஷனுக்குப் பிந்தைய இரவுகளில் எதைக் கவனிக்கத் தவறினோம் என்பதையெல்லாம் அவர்களிடமிருந்துதான் ஸாப்ஷே கற்றது. மோலுக்கு நேர்ந்தது ரெலிகாவுக்கும் நேர்ந்தது. முதல் சாவோடு நிறுத்தினால், சுற்றியிருப்பவர்களுக்கு இன்னும் 16 ஆண்டுகள் அச்சம் நீடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் நிறுத்தவில்லை.

1987 ஆகஸ்டில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் இந்தக் கதையை உலகத்துக்குக் கொண்டுசென்றது. நேஷனல் ஜியாகிரஃபிக் இதழுக்காக ஜேம்ஸ் ஸ்டான்ஃபீல்டு எடுத்த படம். விடிய விடிய நீண்ட ஆபரேஷன் முடிந்த நேரம். மேஜை மேல் நோயாளி. அவர் உடலிலிருந்து நாலாபக்கமும் குழாய்களும் ஒயர்களும் ஓடுகின்றன. சுற்றியிருக்கும் கருவிகளைப் பார்த்தாலே பழையவை என்று தெரிகிறது. தரையில் ரத்தக் கறைபட்ட துணிகள். தலைத்தொப்பியும் அறுவை உடையும் கழற்றாமல் ரெலிகா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கண் நோயாளியின் முகத்தில் இல்லை, மானிட்டரில் இருக்கிறது. அறையின் மூலையில், சுவரோரமாக, உதவி மருத்துவர் ரோமுவால்ட் சிஹோன் அப்படியே சரிந்து தூங்கிவிட்டார்.

நான் இந்தப் படத்தைப் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கண் போய் நிற்பது ரெலிகாவின் அந்தப் பார்வையில். தையல் முடிந்துவிட்டது, பெருமைக்குரிய பகுதி முடிந்துவிட்டது. வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவரும் தூங்கப் போயிருக்கலாம். ஆனால் புது இதயத்தின் முதல் மணி நேரங்கள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தவர் அவர். நரம்புகள் எல்லாம் வெட்டுப்பட்ட இதயம் அது. மூளையின் கட்டளை அதற்கு எட்டாது. தன் தாளத்தில், வழக்கத்தைவிடச் சற்று வேகமாகவே துடிக்கும். எப்போது தடுமாறும் என்று சொல்ல முடியாது. அதனால் உட்கார்ந்திருக்கிறார்.

படத்தில் படுத்திருக்கும் மனிதர் அப்போதே அறுபதைத் தாண்டியவர். அதற்குப் பிறகு அவர் 30 ஆண்டுகள் வாழ்ந்தார். தனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரைவிட அதிக காலம் இருந்து, 2017-ல்தான் காலமானார்.

ரெலிகாவின் கவனம் இதற்குள் வேறொரு பக்கமும் திரும்பியிருந்தது. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்கள், தானம் கிடைக்கும் முன்பே இறந்துகொண்டிருந்தார்கள். இதயம் கிடைக்கும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்க ஒரு பம்ப் வேண்டும். அதை வெளிநாட்டிலிருந்து வாங்கப் பணம் இல்லை என்றால் இங்கேயே செய்வோம் என்று முடிவு செய்தார். 1991-ல் ஸாப்ஷேயில் இதய அறுவை சிகிச்சை மேம்பாட்டு அறக்கட்டளை பிறந்தது. செயற்கை இதயம், உடலுக்கு வெளியே இருந்து காற்றழுத்தத்தால் இயங்கும் துணைப் பம்புகள், இதய வால்வுகள் என்று பொறியாளர்களும் மருத்துவர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். அந்தப் பம்புகள் போலந்து நோயாளிகள் பலரை ஆபரேஷன் நாள்வரை கொண்டுவந்து சேர்த்தன.

பணம் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவருக்கு அரசியல் தானாகவே வந்து சேர்ந்தது என்றுதான் சொல்லவேண்டும். 1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்தது. 1993-ல், ஜனாதிபதி லெக் வலேசாவின் ஆதரவில் உருவான அணியின் சார்பில் ரெலிகா செனட்டர் ஆனார். 1997 வரை ஒருமுறை, 2001 முதல் 2005 வரை இன்னொருமுறை. இடையில் சைலீசிய மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்தார். 2001-ல், ஒரு காலத்தில் தான் விட்டுவந்த ஆனின் இதயநோய் நிறுவனத்துக்கே இயக்குநராகத் திரும்பினார். அவர் சேர்ந்த சிறு கட்சிகளின் பெயர்ப் பட்டியல் நமக்கு வேண்டாம். அவற்றில் எதுவும் நிலைக்கவில்லை.

அவர் முதல்முறை செனட்டில் இருந்தபோது நடந்த ஒன்றைத்தான் நாம் கவனிக்கவேண்டும். 1995-ல் போலந்து உறுப்பு மாற்றுக்கான சட்டத்தை இயற்றியது. உயிரோடு இருக்கும்போது ஒருவர் மறுப்பு தெரிவிக்காவிட்டால் அவர் சம்மதித்ததாகவே கொள்ளலாம் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. காகிதத்தில் அது மருத்துவர்களுக்குப் பெரும் அதிகாரம். நடைமுறையில் எந்த மருத்துவரும் குடும்பத்தைக் கேட்காமல் தொடுவதில்லை. மகனைப் பறிகொடுத்த தாய் வேண்டாம் என்று தலையசைத்தால் அங்கேயே முடிந்தது. ஆக, சட்டம் எதைச் சொன்னாலும், ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் ஒரு குடும்பம் அந்த மருத்துவரை நம்புகிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த நம்பிக்கையை வளர்த்ததில் இருவரின் பங்கு எனக்கு வியப்பைத் தருகிறது. ஒருவர் ரெலிகா, தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று கத்தோலிக்க நாட்டில் வெளிப்படையாகச் சொன்னவர். மற்றவர் போலந்துக்காரரான போப் இரண்டாம் ஜான் பால். 2000 ஆகஸ்டில் ரோமில் கூடிய உறுப்பு மாற்று மருத்துவர்களின் உலக மாநாட்டில் அவர் பேசினார். முறையாக உறுதிசெய்யப்பட்ட மூளைச்சாவை ஏற்றுக்கொண்டார், உறுப்பு தானத்தை அன்பின் செயல் என்று போற்றினார். ஒருவர் ஆபரேஷன் தியேட்டரிலிருந்தும் மற்றவர் திருப்பீடத்திலிருந்தும் ஒரே மக்களிடம் ஒரே வேண்டுகோளை வைத்தார்கள்.

2005-ல் ரெலிகா ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றார். ஆண்டின் தொடக்கத்தில் கருத்துக்கணிப்புகளில் முன்வரிசையில் இருந்தார். கட்சி அரசியலில் சலித்துப்போன மக்களுக்கு, கை சுத்தமான டாக்டர் ஒருவரின் முகம் பிடித்திருந்தது. ஆனால் ஓட்டுக் கேட்க ஊருக்கு ஊர் ஆள் வேண்டும், அமைப்பு வேண்டும். அவரிடம் அது இல்லை. கோடையில் ஆதரவு கரைந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் போட்டியிலிருந்து விலகி, டொனால்ட் டஸ்கை ஆதரிக்கச் சொன்னார். வென்றவர் டஸ்கின் எதிரணியில் நின்ற லெக் காச்சின்ஸ்கி. அந்த அணியின் அரசு அக்டோபர் 31 அன்று பதவியேற்றபோது, சுகாதார அமைச்சராக அதில் அமர்ந்தவர் ரெலிகா!

இதைச் சந்தர்ப்பவாதம் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இருபது ஆண்டுகள் அமைச்சகத்தின் கதவைத் தட்டியவருக்கு உள்ளே நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். யார் கொடுத்தார்கள் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். வேலையும் நடந்தது. அவசர மருத்துவச் சேவைக்கு நாடு தழுவிய ஒழுங்கை உண்டாக்கும் சட்டம் 2006 செப்டம்பரில் நிறைவேறியது. மருத்துவத் துறை ஊழியர்களுக்குச் சம்பளம் 30 சதவீதம் உயர்த்தப்பட்டது. வாகனக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 12 சதவீதத்தை, சாலை விபத்தில் அடிபட்டவர்களின் சிகிச்சைச் செலவுக்காகப் பிடிக்கும் ஏற்பாட்டை 2007-ல் கொண்டுவந்தார். வண்டி வைத்திருப்பவர்கள் அதை ‘ரெலிகா வரி’ என்றே அழைத்தார்கள். அடுத்து வந்த அரசு அதை நீக்கிவிட்டது.

சம்பள உயர்வும் போதவில்லை. 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும், பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் மருத்துவர்கள் போகத் தொடங்கியிருந்தார்கள். மிஞ்சியவர்கள் 2007-ல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த ஜூனில் செவிலியர் நால்வர் பிரதமர் அலுவலகத்துக்குள்ளேயே அமர்ந்துவிட, மற்றவர்கள் வெளியே தெருவில் கூடாரம் அடித்தார்கள். ‘வெள்ளை நகரம்’ என்று பெயர் பெற்ற அந்தக் கூடாரங்கள் வாரக்கணக்கில் நின்றன. அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய அமைச்சர், தானே பற்றாக்குறையான மருத்துவமனையில் வாழ்நாளைக் கழித்தவர்.

இதைவிடப் பெரிய அடி அதற்கு முன்பே, பிப்ரவரியில், விழுந்திருந்தது. ஊழல் தடுப்பு அமைப்பினர் வார்சாவின் பெரிய மருத்துவமனை ஒன்றின் இதய அறுவை நிபுணரைக் கைது செய்தார்கள். லஞ்சக் குற்றச்சாட்டோடு, நோயாளி ஒருவரின் மரணம் தொடர்பாகக் கொலைக் குற்றச்சாட்டும் சேர்ந்தது. நீதித் துறை அமைச்சர் ஸ்பிக்னியெவ் ஜியோப்ரோ செய்தியாளர்களைக் கூட்டி, இனி இந்த மனிதரால் யார் உயிரும் பறிபோகாது என்ற பொருளில் பேசினார். விசாரணையே முடியவில்லை! பின்னர் கொலைக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அப்படிப் பேசியதற்காக மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நீதிமன்றம் ஜியோப்ரோவுக்கு உத்தரவிட்டது. லஞ்ச வழக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

ஆனால் தொலைக்காட்சியில் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட குடும்பங்கள் மருத்துவமனை வராந்தாவில் என்ன செய்திருக்கும்? தானத்துக்கு ஒப்புக்கொள்ளத் தயங்கின. மூளைச்சாவு அடைந்தவர்களைப் பற்றித் தகவல் தரவேண்டிய சிறு மருத்துவமனைகளின் டாக்டர்கள், எதற்கு வம்பு என்று பேசாமல் இருந்தார்கள். அந்த ஆண்டு போலந்தில் இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்பு தானம் கால் பங்குக்கு மேல் குறைந்தது. குறைந்த ஒவ்வொரு தானத்துக்கும், பட்டியலில் காத்திருந்த யாரோ ஒருவருக்கு வரவேண்டிய சிறுநீரகமோ கல்லீரலோ இதயமோ வரவில்லை என்று அர்த்தம்.

அந்த அரசின் சுகாதார அமைச்சர் ரெலிகா. அவர் ராஜினாமா செய்யவில்லை. ஆட்சி முடியும்வரை பதவியில் இருந்தார். செய்திருக்கவேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர்மேல் எனக்கிருக்கும் மரியாதை குறைந்துவிடவில்லை. ஆனால் அந்த நேரத்தில் போலந்தில் அவர் ஒருவர் குரலுக்குத்தான் அந்த அச்சத்தைத் தணிக்கும் கனம் இருந்தது. அமைச்சரவை நாற்காலியில் இருந்தபடி அந்தக் குரலை முழுதாக எழுப்ப முடியாது. 1985 நவம்பர் இரவில் செய்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்தார், விளைவையும் அவரே தாங்கினார். 2007-ல் அடுத்த நாற்காலிக்காரர் பேசியதற்கான விலையை அவருடைய நோயாளிகள் கொடுத்தார்கள்.

அதே ஆண்டில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. வாழ்நாள் முழுக்க ஓயாமல் சிகரெட் பிடித்தவர் அவர். நோயை மறைக்கவில்லை, பத்திரிகைகளிடம் வெளிப்படையாகப் பேசினார். அக்டோபர் தேர்தலில் அவர் சார்ந்த அணி தோற்றாலும், அவர் நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்வானார். 2008-ல் நாட்டின் மிக உயர்ந்த விருதான வெள்ளைக் கழுகு விருது கிடைத்தது. 2009 மார்ச் 8 அன்று வார்சாவில் காலமானார், வயது 70. பொவான்ஸ்கி ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

2014-ல் ஸாப்ஷே நாட்களை வைத்து லூகாஷ் பால்கோவ்ஸ்கி எடுத்த ‘பொகோவியெ’ (கடவுளர்கள்) படம் வந்தது. டோமாஷ் கோட் ரெலிகாவாக நடித்தார். க்டின்யா திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய அந்தப் படத்தை, அவரை நேரில் அறியாத தலைமுறை திரையரங்குகளில் கூட்டம் கூட்டமாகப் பார்த்தது. படம் ஸாப்ஷே நாட்களோடு முடிந்துவிடுகிறது. அமைச்சர் ரெலிகா அதில் இல்லை.

ஸாப்ஷேயில் அவர் விட்டுச்சென்ற பிரிவை மாரியான் ஸெம்பாலா ஏற்றுக்கொண்டு, நாட்டின் பெரிய இதய மையங்களில் ஒன்றாக வளர்த்தார். நுரையீரல் மாற்று சிகிச்சையை அங்கே நிலைநிறுத்தியவரும் அவர்தான். 2015 ஜூனில் அவரையும் சுகாதார அமைச்சர் ஆக்கினார்கள். ஐந்து மாதங்கள்தான் அந்தப் பதவி. இதயத்தைவிடப் பிடிவாதமான உறுப்பாகிய நுரையீரலை மாற்றக் கற்ற கதையை, ஸெம்பாலாவிலிருந்தே அடுத்த இதழில் தொடங்குவோம்.